இருபதாவது டேக்

வணக்கம் சார்,

நான் மஸ்கட்டில் கணக்குத் துறையில் வேலை பார்க்கிறேன், வயது 44. சின்ன வயதில் கும்பகோணத்தில் இரண்டு வருஷம் கர்நாடகப் பாட்டு கற்றுக்கொண்டு, ஆரம்பப் பாடமான கீதத்தோடு நின்றுபோனது. மூன்று வருஷம் முன்பு மறுபடி ஆரம்பித்தேன். சென்னையில் இருக்கும் ஒரு வித்வான் வாரம் ஒருநாள் வீடியோ காலில் சொல்லித்தருகிறார். இப்போது மோகன ராக வர்ணம் (கீதத்தைவிடப் பெரிய பயிற்சிப் பாட்டு) ஓடுகிறது. வாராவாரம் பாடிப் பதிவு செய்து அனுப்புவேன். இருபது தடவையாவது பாடி, அதில் நன்றாக வந்ததைத்தான் அனுப்புவேன். அவரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "நன்னா இருக்கும்மா, சாதகம் பண்ணுங்கோ" (பயிற்சி செய்யுங்கள்). ஆனால் போனில் சுருதி பார்க்கும் ஆப் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் பாதி ஸ்வரம் சிவப்பாக வருகிறது. யாரை நம்புவது? கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவைக் கேட்டுக் கருத்து சொல்லும் வித்வான்கள் இருப்பதாகத் தோழி சொல்கிறாள். இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிப் பார்க்கலாமா, அது குருவுக்குச் செய்யும் துரோகமா? நீங்கள் நாற்பதுக்கு மேல் பாட்டு கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

வி., மஸ்கட்

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஆப்பும் இல்லை, வித்வானும் இல்லை, அந்த இருபது தடவைதான். நானும் அதைச் செய்திருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, பாடி, அழித்து, மறுபடி பாடி, கடைசியில் தொண்டை கட்டிப்போகும் நேரத்தில் தப்பித்தவறி ஒன்று ஒழுங்காக வரும், அதை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். அந்த இருபதாவதைக் கேட்டுவிட்டு உங்கள் குரு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது நன்றாகத்தான் இருந்தது. தப்பெல்லாம் இருந்த பத்தொன்பதையும் நீங்கள் அல்லவா அழித்துவிட்டீர்கள்? எதிரே உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் மாணவருக்கு இந்த வசதி கிடையாது, உள்ளே நுழைந்து உட்கார்ந்து முதலில் பாடுவதை அப்படியே குரு கேட்டுவிடுவார். தூரத்திலிருந்து கற்பவர்கள் முதலில் இழப்பது இதைத்தான், அதுவும் நாமே விரும்பி இழப்பது.

அதனால் முதல் டேக்கை அனுப்புங்கள். வெட்டாமல், ஒட்டாமல், நடுவில் இருமியிருந்தால் இருமலோடு.

அடுத்தது, எதைக் கேட்டு அனுப்புகிறீர்கள் என்பது. "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டால் "நன்னா இருக்கு" என்றுதான் பதில் வரும், கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்பதுபோல. அவருக்கு முப்பது மாணவர்கள் இருக்கலாம், ஆறு நிமிஷப் பதிவை முழுக்கக் கேட்டு இடம் இடமாகக் குறிப்பெழுத யாருக்கும் பொழுது இல்லை. நாற்பது நொடி போதும். பல்லவி மட்டும், அல்லது ஒரே ஒரு சிட்டை ஸ்வரம் (ஸ்வரங்களாகவே பாடும் பகுதி). கூடவே ஒரே ஒரு கேள்வி, வேகம் இரட்டிப்பாகும் இரண்டாம் காலத்தில் த-விலிருந்து மேல் ச-வுக்குப் போவதைப் பற்றி: "இரண்டாம் காலத்தில் தைவதத்திலிருந்து மேல் ஸ்தாயி ஷட்ஜத்துக்குப் போகும்போது சேர்ந்து நிற்கிறேனா, கீழே தொங்குகிறதா?" இப்படிக் கேட்டுப் பாருங்கள், நன்னா இருக்கு என்று சொல்லித் தப்பவே முடியாது. எனக்கு இன்னொரு பலனும் கிடைத்தது. கேள்வியை எழுதுவதற்காகவே என் பதிவை நான் திருப்பிக் கேட்க வேண்டிவந்தது, பாதித் தப்பு அங்கேயே தெரிந்துபோனது.

பதிவு செய்யும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. காதில் இயர்போன் மாட்டி, அதில் தம்புரா ஓடவிட்டுப் பாடினால் பதிவில் உங்கள் குரல் மட்டும்தான் இருக்கும். சுருதியே இல்லாத பதிவில் சுருதி சேர்ந்திருக்கிறதா என்று அவர் எதை வைத்துச் சொல்வார்? ஒரு போனில் தம்புரா, இன்னொரு போனில் பதிவு, இரண்டும் ஒரே அறையில். சுருதிப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. வீடியோ காலிலும் இதே வம்புதான். கால் பேசும் ஆப்கள் பேச்சுக்காகச் செய்தவை, விடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் எதையும் ஃபேன் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். தம்புராவின் வேலையே விடாமல் ஒலிப்பது. நீங்கள் நீளமாகக் கார்வை கொடுத்து நிற்கும் ஸ்வரத்தைக்கூட நடுவில் தின்றுவிடும். ஜூம் என்றால் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுப் பாடுங்கள்.

தாளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீடியோ காலில் குருவோடு சேர்ந்து பாடாதீர்கள். தாளத்தின் ஒரு அட்சரத்துக்கு (ஒரு எண்ணிக்கைக்கு) ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் ஒரு நொடிக்குள் நான்கு ஸ்வரம். போகவர இணையத்தில் கால் நொடி தாமதமானால் முழுசாக ஒரு ஸ்வரம் போச்சு. அவர் போடும் தாளத்தைப் பார்த்து நீங்கள் பாடுவீர்கள், நீங்கள் பின்தங்குவதாக நினைத்து அவர் வேகத்தைக் குறைப்பார், அதைப் பார்த்து நீங்கள் இன்னும் குறைப்பீர்கள், ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் தேர் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் பாடட்டும், அப்புறம் அவர் மைக்கை அணைக்கட்டும், நீங்களே தாளம் போட்டுத் திருப்பிப் பாடுங்கள்.

சரி, அந்தச் சிவப்பு. மோகனத்தில் ரிஷபமும் தைவதமும் (ரி, த) அசைந்துதான் வரும். அசையும் ஸ்வரத்தைக் கோடு போட்டுக் காட்டினால் அது ஒரு இடத்தில் நிற்காது, ஆப் சிவப்பைத்தான் காட்டும், அதற்காக நீங்கள் அசைவை நிறுத்தினால் அது மோகனமாகவே இருக்காது. ஆனால் ஷட்ஜம், பஞ்சமம், நீட்டி நிற்கும் காந்தாரம் (ச, ப, க), இவை சிவப்பானால் ஆப்பை நம்புங்கள், அங்கே அது சொல்வது சரி. எந்த ஸ்வரத்தில் சிவக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். கணக்குக்காரர்தானே நீங்கள், எனக்கு வராத பொறுமை உங்களுக்கு வரும்.

கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் இந்த அசைவை, தூரத்தில் இருப்பவருக்கு எப்படி அனுப்புவது என்ற தவிப்பு பழையதுதான். 1904இல் எட்டயபுரத்தில் சங்கீத வித்வான் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற ஸ்வரக்குறிப்புப் புத்தகத்தைத் தெலுங்கு லிபியில் அச்சேற்றினார், கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வைத்து. அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் அதைக் கோத்தவர்களை நினைத்தாலே எனக்குக் கை வலிக்கும். அவ்வளவு செய்தும், குறியைப் பார்த்துப் பாடுபவர் பாடுவது சரியா என்று புத்தகம் திருப்பிச் சொல்லாது. நமக்குக் குரல் செய்தி இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் டீச்சர் தன் மகள் வீட்டோடு இருக்கப் பெங்களூருக்குப் போனபிறகு நானும் உங்களைப்போல்தான். தோடியில் ஒரு கீதம் பாடி அனுப்பினேன். ஒரு நிமிஷக் குரல் செய்தி வந்தது. முதலில் என் காந்தாரத்தை, நான் பாடினபடியே பாடிக் காட்டினார். மார்கழிக் குளிரில் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்தது. "நின்ன எடத்துலயே நடுங்கறேள். ரிஷபத்துலேர்ந்து போய் மத்யமத்தைத் தொட்டுட்டு வரணும்." அதை ஊஞ்சல்போல மெதுவாகப் பாடிக் காட்டினார், பிறகு கொஞ்சம் வேகமாக, பிறகு பாட்டில் வரும் வேகத்தில். நான் பத்து நாள் பாடினேன், வரவில்லை. "வீடியோ எடுத்து அனுப்புங்கோ, பக்கவாட்டில்" என்றார். பார்த்தால் கமகம் முழுக்கத் தாடையில் நடக்கிறது! குரல் அசையவில்லை, தாடைதான் மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டு விரலைத் தாடையில் வைத்து அழுத்திக்கொண்டு பாடச் சொன்னார். ஒரு மாதம் ஆயிற்று, கமகம் தாடையை விட்டுக் குரலுக்கு இறங்க. குரல் பதிவு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் அவருக்கு இது தெரிந்தே இருக்காது. மாதம் ஒரு வீடியோவாவது அனுப்புங்கள், வாயும் கழுத்தும் தாளம் போடும் கையும் தெரிகிற மாதிரி.

இன்னொரு வித்வானுக்கு அனுப்புவது துரோகமா என்றால், இல்லை. ஆனால் மூன்று பேருக்கு வேண்டாம். ஒரே உருப்படிக்கு (பாட்டுக்கு) ஒவ்வொருவருக்கும் ஒரு பாடாந்தரம், குரு வழியாக வந்த ஒரு பாடும் முறை. உங்கள் குரு சொல்லித்தந்த சங்கதியை, அதாவது ஒரு வரியைப் பாடும் விதத்தை, இன்னொருவர் தப்பு என்பார், அவர் திருத்தியதைக் கேட்டு மூன்றாமவர் சிரிப்பார், நடுவில் நீங்கள் வர்ணத்தையே மறந்துவிடுவீர்கள். பணம் கட்டி ஒருவரிடம் காட்டுவதானால் சுருதி, லயம், குரல் இந்த மூன்றைப் பற்றி மட்டும் சொல்லுங்கள், சங்கதிகள் என் குருவின் பாடம், அதை விட்டுவிடுங்கள் என்று முன்பே எழுதிவிடுங்கள். உங்கள் குருவிடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள். கொஞ்சம் முகம் சுளித்தாலும் சுளிப்பார். அதற்கு முன்னால் அவரிடமே ஒருதரம் நேராகக் கேட்டுப்பாருங்களேன்: "சார், தப்பை மட்டும் சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்." வேலைக்குப் போய்க்கொண்டு, வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஆசைக்குப் பாடும் பெண்மணியிடம் கண்டிப்பாகச் சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பயந்து எத்தனையோ நல்ல வாத்தியார்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் அப்புறம் வருத்தப்படக் கூடாது. போன வாரம் நான் அனுப்பிய பதிவின் நடுவில் சமையலறைக் குக்கர் விசில் விழுந்துவிட்டது. முதல் டேக் என்ற விரதம், அதனால் அப்படியே அனுப்பினேன். சாயங்காலம் டீச்சரிடமிருந்து நான்கு நொடிக் குரல் செய்தி: "குக்கர் பஞ்சமத்துல நிக்கறது சார், நீங்கதான் நிக்கல."