பதில்: கோயில் யானையின் அவதி படத்தில் தெரியவில்லை

கோயில் யானையைப் படமெடுத்தும் அதன் அவதி தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 200 மி.மீ. லென்ஸில், எஃப் 2.8-இல் (லென்ஸ் துளையை அகலத் திறந்து, பின்னணி மங்கும்படி) முகத்தை மட்டும் எடுத்ததால்தான் படம் அழகாக வந்து, சங்கிலியும் சிமென்ட் தரையும் மறைந்துவிட்டன. 24 - 35 மி.மீ. லென்ஸில், எஃப் 8 (சிறிய துளை, முன்னும் பின்னும் தெளிவாக வரும்) வைத்து, யானையின் முழங்கால் உயரத்துக்கு இறங்கி எடுங்கள். சங்கிலி கட்டிய வளையம், கால், நிழல் விழும் இடம் எல்லாம் ஒரே சட்டகத்தில் வரட்டும். நகவெடிப்பு இருந்தால் அதைத் தனியாக, தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

அவதியின் அறிகுறியான ஓயாத தலையாட்டலைக் காட்ட, கேமராவை முக்காலியில் வைத்து அரை விநாடி ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. சங்கிலி தெளிவாக நிற்கும், ஆடும் தலை மங்கலாகப் பதியும். பகலில் என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) இல்லாவிட்டால் படம் வெளுத்துப்போகும். ஆனால் மங்கலான படம் மட்டும் அவதிக்குச் சான்றாகாது. தீனி வரும் நேரத்திலும் யானை ஆடும். அதனால் வேறு வேளையில் இரண்டு நிமிடம் வெட்டாத வீடியோவும் எடுங்கள்.

பாகன் முகத்தை மறைத்துவிடுங்கள். கோபம் முழுக்க அந்தக் கூலிக்காரர் மேல்தான் பாயும். படக்குறிப்பில் 'சித்திரவதை' என்று எழுதாமல் தேதி, நேரம், சங்கிலி எந்தக் காலில், தரை எப்படி என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். திருத்தாத மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளுக்கு 2011 விதிகள் இருக்கின்றன. பதிவிடும் முன்பே மாவட்ட வன அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள்.