பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் கண் டாக்டர்?

கேள்வி: என் வயது 54. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் சர்க்கரை டாக்டரின் கிளினிக்கில் கண்ணைப் படம் எடுத்தார்கள். ஏ.ஐ. பார்த்துவிட்டு, 'விழித்திரையில் பாதிப்பு, கண் மருத்துவரைப் பாருங்கள்' என்று சொல்லிவிட்டது. எனக்குப் பேப்பர் படிப்பதில்கூடச் சிரமமில்லை. இதை நம்பிப் போகத்தான் வேண்டுமா?

பதில்: போங்கள், தள்ளிப்போடாதீர்கள். நன்றாகப் படிக்க முடிவதால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. சர்க்கரை முதலில் பதம் பார்ப்பது அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்களை. குழாய்ச் சுவரில் கடுகைவிடச் சிறிய புடைப்புகள் வரும், அங்கங்கே சிவப்புப் புள்ளியாக ரத்தம் கசியும், மஞ்சள் திட்டாகக் கொழுப்பு படியும். விழித்திரையின் மையமான மாக்குலாவை இவை தொடாத வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பார்வை மங்கிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. இழந்த பார்வை முழுதாகத் திரும்புவது அரிது.

அந்தப் புள்ளிகளையும் திட்டுகளையும்தான் ஏ.ஐ. தேடுகிறது. டாக்டர்கள் தரம் பிரித்த ஏராளமான படங்களைக் காட்டி அதைப் பழக்கியிருக்கிறார்கள். 2016-ல் கூகுள் குழு வெளியிட்ட ஆய்வில் பழக்கியது சுமார் 1,28,000 படங்களை வைத்து. நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. பிறகு மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நோயாளிகளிடம் சோதித்தபோது, படம் பார்க்கும் நிபுணர்களுக்கு அது சளைக்கவில்லை. சில சமயம் வீணாகவும் எச்சரிக்கும்தான். அப்படியானால் உங்களுக்கு அரை நாள் அலைச்சல், அவ்வளவே.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்பாவையை விரித்துப் பார்ப்பார். சில மணி நேரம் கண் கூசும். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஆரம்ப நிலை என்றால் பெரும்பாலும் சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்து, அவர் சொல்லும் இடைவெளியில் காட்டினால் போதும். மாக்குலா வீங்கியிருந்தால் கண்ணுக்குள் ஊசி, புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் லேசர்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை இருந்து, 'பாதிப்பு இல்லை' என்று முடிவு வந்தாலும் வருடா வருடம் படம் எடுக்க வேண்டும். கண் அழுத்த நோய் இருக்கிறதா என்று எல்லா ஏ.ஐ.யும் பார்ப்பதில்லை, கண்ணாடி பவரும் இதில் தெரியாது. கண்புரையால் படம் தெளிவில்லை என்று வந்தால், அதை 'நார்மல்' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது; அவர்களும் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

நீங்கள் போகும்போது அந்தப் படத்தையும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவையும் கையோடு கொண்டுபோங்கள்.