லேபிளே உறுத்தும் பெண்ணுக்கு பேட் எப்படி?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஆட்டிசம் இருக்கிறது. ஒன்றிரண்டு வார்த்தைகள்தான் பேசுவாள். சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுவாள் போலிருக்கிறது. சட்டை லேபிளையே தாங்காதவள் பேடை எப்படி வைத்துக்கொள்வாள்? "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி" என்கிறார் நாத்தனார்.
- வாசகி, தேனி

பதில்: நாத்தனார் சொல்வதை முதலில் ஒதுக்கிவிடுவோம். பிள்ளை பெறும் திறனைப் போக்கும் எந்தச் சிகிச்சையையும் மாற்றுத்திறனாளிக்கு அவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது 2016-ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1994-ல் புனேயில், மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு 'சுத்தம்' என்று காரணம் சொல்லி கர்ப்பப்பையை எடுத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மாதவிலக்கு நின்றுவிட்டால் தப்பான கைகள் அவளைத் தொடாது என்றும் இல்லை.

சரி, பேடுக்கு வருவோம். ரத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள், இன்றே பழக்குங்கள். மெல்லிய பேட் ஒன்று, அவளுக்குப் பிடித்த கார்ட்டூன் ஓடும்போது ஐந்தே நிமிடம். கழற்றி எறிந்தால் திட்டாதீர்கள், நாளைக்குப் பார்க்கலாம். வலை மாதிரி மேல்பகுதி உறுத்தினால் பருத்தி வகைக்கு மாறுங்கள். அதுவும் ஆகாதென்றால், ரத்தத்தை உறிஞ்சும் பீரியட் பேண்டி கிடைக்கிறது. ஜட்டியில் பேடின் வடிவத்தை மார்க்கரால் வரைந்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்குள் ஒட்டுவது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும்.

ரத்தம் என்றால் அவளுக்குத் தெரிந்தது முட்டியில் பட்ட காயம்தான். அதனால் நீங்கள் பேட் மாற்றும்போது அவள் பார்க்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு பாத்ரூமையே, அதே சிவப்பு வாளியோடு, போட்டோ எடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள்: கழற்று, பேப்பரில் சுற்று, குப்பைத் தொட்டியில் போடு, புதிதை ஒட்டு, கை கழுவு. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால் அவளுக்குப் புரியாது. பல் தேய்த்ததும், சாப்பாட்டுக்கு முன், பள்ளி விட்டு வந்ததும், படுக்கும் முன் என்று பழகிய வேலைகளோடு சேர்த்துவிடுங்கள்.

வயிறு வலித்தாலும் சொல்ல மாட்டாள். கையைக் கடிப்பாள், தலையை முட்டுவாள். காலண்டரில் தேதியைக் குறித்துவையுங்கள். ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். போக்கைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம், சடங்கு. மைக் செட், பட்டுப்புடவை, கன்னத்தில் சந்தனம் பூச வரும் இருபது பேர். அவளால் தாங்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"பேட் மாத்தலாம்" என்று நீங்கள் சொல்லும் அதே வார்த்தையைப் பள்ளி டீச்சரும் சொல்லட்டும். நாத்தனாரும் கற்றுக்கொள்ளட்டும். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அவர்தானே பார்க்க வேண்டும்.