மதிலுக்குள் ஓர் ஊர்

கேள்வி: பிரான்சில் ஷாம்போர் என்னும் சிற்றூரின் அரண்மனையைப் பற்றிப் படித்தேன். அதைக் 'கம்யூன்' என்கிறார்களே, அது எங்கள் ஊராட்சியைப் போன்றதா?
வாசகர், இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: ஏறக்குறைய அப்படித்தான். 1789-ஆம் ஆண்டுப் புரட்சியை ஒட்டி உருவான கம்யூன், அந்நாட்டின் அடிமட்ட உள்ளாட்சி அமைப்பு. ஆனால் அங்கே ஊராட்சி, நகராட்சி என்ற பிரிவு இல்லை. பாரிசும் ஒரு கம்யூன், நூறு பேர் அளவே வாழும் ஷாம்போரும் ஒரு கம்யூன். இரண்டுக்கும் மேயர் உண்டு.

அரசர் முதலாம் பிரான்சுவா 1519-இல் கட்டத் தொடங்கிய இந்த அரண்மனையில், ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்படாதவாறு ஒன்றையொன்று சுற்றிச் செல்லும் இரட்டைப் படிக்கட்டு புகழ்பெற்றது. இத்தனை பொருட்செலவில் கட்டிய அரசரோ, தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் சில வாரங்களே அங்கே தங்கினார். வேட்டைக்கு வந்தபோது இறங்கிய இடம்தானே அது! 1939-இல் போர் மூண்டபோது, லூவர் அருங்காட்சியகத்தின் மோனாலிசா ஓவியம் பாதுகாப்புக்காக முதலில் இங்கேதான் கொண்டுவரப்பட்டது.

உங்கள் ஊரோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு முக்கியமானது. இராயக்கோட்டையில் மலைமேல் உள்ள கோட்டை மட்டுமே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அடிவாரத்தில் மக்கள் தத்தம் பட்டா நிலத்தில் வீடு கட்டி வாழ்கிறார்கள். ஷாம்போரிலோ, சுமார் 32 கிலோமீட்டர் நீள மதில் சூழ்ந்த 5,440 ஹெக்டேர் காடும் அரண்மனையும் மட்டுமன்றி, ஊர் இருக்கும் நிலமும் அரசுடைமை என்பதால், குடியிருப்போர் வாடகைதாரர்களே.