புண் ஆறிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்

தம்பி, பெருந்துறையில் லாரி ஓட்டுவதாகவும், அந்தரங்கத்தில் வந்த வலியில்லாத புண் மருந்தில்லாமலே ஆறிவிட்டதாகவும், ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஜிஎச் பக்கமே போகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

தானாக ஆறியதுதான் எனக்குக் கவலை. சிபிலிஸ் என்கிற பால்வினை நோயின் புண் அப்படித்தான் மறையும், கிருமி மட்டும் உடம்பிலேயே இருக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டாலே போதும்.

கூச்சம் புரிகிறது. என் அண்ணனும் நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். ஓபி சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே ஒரு மணி நேரம் நின்றார். உள்ளே ஆலோசகர் அக்கா கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களாண்ணா?"

பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவும், எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையமும் உண்டு. பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். எச்ஐவிக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். உள்ளூர் வேண்டாமென்றால் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குப் பேசுங்கள், கட்டணமில்லை.

அப்புறம், வீட்டில் மாசமாக இருக்கிறார்கள் என்றீர்களே, அவருக்கும் இந்த வாரமே ரத்தம் பார்க்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கும் பரவும், ஆனால் ஊசியால் தடுக்கலாம். தனியாகச் சொல்ல வாய் வரவில்லையென்றால் ஆலோசகர் முன்னால் வைத்துச் சொல்லுங்கள்.