'டவுட்' எந்தப் பக்கம் சாயும்?

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சரக்கு தாமதமாகுமோ என்று சந்தேகம் வந்ததால், லண்டனில் இருக்கும் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே 'ஐ டவுட் த ஷிப்மென்ட் வில் பி டிலேய்ட்' என்று மெயில் அனுப்பினேன். 'மகிழ்ச்சி, நன்றி' என்று பதில் போட்டார். இப்போது சரக்கு தாமதமானதும், 'தாமதமாகாது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்' என்று சண்டைக்கு வருகிறார். டவுட் என்றால் சந்தேகம் என்றுதான் அகராதியில் இருக்கிறது. பிழை என்னுடையதா, அவருடையதா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்களுடையதுதான். அவர் புரிந்துகொண்டதில் குற்றமே இல்லை. நீங்கள் எழுதிய வரியை லண்டனில் யார் படித்தாலும், 'சரக்கு தாமதமாகும் என்று எனக்குத் தோன்றவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எச்சரிக்கை செய்ய நினைத்து உறுதிமொழி கொடுத்துவிட்டீர்கள்.

அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய 'சந்தேகம்' இரண்டு பக்கமும் சாயக்கூடிய சொல். 'அவன் வருவானா என்பது சந்தேகம்தான்' என்னும்போது, வரமாட்டான் என்று மனம் சொல்கிறது. 'அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்' என்னும்போது, எடுத்துவிட்டான் என்று சொல்கிறது. முதலாவது 'இல்லை' பக்கம், இரண்டாவது 'ஆம்' பக்கம். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வினைச்சொல் உண்டு. இல்லை என்று தோன்றினால் டவுட். ஆம் என்று தோன்றினால் சஸ்பெக்ட்.

எதைப் போடுவது என்று குழம்பினால், வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து வினையின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'நேரத்துக்குச் சேருமா என்று சந்தேகம்': ஆ-வில் முடிகிறது, டவுட். 'தாமதமாகுமோ என்று சந்தேகம்': ஓ-வில் முடிகிறது, சஸ்பெக்ட். 'அவன் எடுத்திருப்பான் என்று சந்தேகம்': ஆ-வும் இல்லை, ஓ-வும் இல்லை, இதுவும் சஸ்பெக்ட்தான். 'வருவானோ மாட்டானோ' என்று ஓகாரம் இரட்டையாக வந்தால் மனம் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று பொருள்; அதற்கு 'ஐ ஆம் நாட் ஷ்யூர்' போதும். பேச்சில் ஆ-வும் ஓ-வும் சில சமயம் இடம் மாறும். அப்போது மனம் ஆம் என்கிறதா, இல்லை என்கிறதா என்று நேராகவே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கேள்வியிலேயே 'தாமதமாகுமோ' என்று ஓகாரம் போட்டுச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் அது காணாமல் போய்விட்டது. 'ஐ சஸ்பெக்ட் த ஷிப்மென்ட் வில் பி டிலேய்ட்' என்று எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. டவுட்டைத்தான் போடுவேன் என்றால் பின்பாதியைத் திருப்ப வேண்டும்: 'ஐ டவுட் த ஷிப்மென்ட் வில் லீவ் ஆன் டைம்.' வியாபாரக் கடிதத்துக்கு என் தேர்வு இந்த இரண்டும் அல்ல. 'ஐ'ம் அஃப்ரெய்ட் த ஷிப்மென்ட் மே பி டிலேய்ட்' என்று எழுதுங்கள். இங்கே அஃப்ரெய்ட் என்பது பயமில்லை. 'வருத்தத்தோடு சொல்கிறேன்' என்ற தொனி. அதற்கு அடுத்த வரியிலேயே புதிய தேதியைப் போட்டுவிடுங்கள்.

ஸ்காட்லாந்துப் பேச்சில் மட்டும் டவுட்டுக்கு இன்னும் உங்கள் பொருள் இருக்கிறது. அங்கே 'ஐ டவுட் இட்'ல் ரெய்ன்' என்றால் மழை வரும்போல் இருக்கிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் பழைய காலத்தில் இருந்த வழக்கு அது. அதை நம்பி லண்டனுக்கு எழுத முடியாது.

ஆட்களைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 'த போலீஸ் டவுட் ஹிம்' என்றால் அவன் சொல்வதைப் போலீஸ் நம்பவில்லை, அவ்வளவுதான். அவன்மீது திருட்டுச் சந்தேகம் என்றால் 'த போலீஸ் சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் ஸ்டீலிங்.' அங்கே 'ஆஃப்' வர வேண்டும், 'ஃபார்' வரக்கூடாது. 'ஐ ஹேவ் எ டவுட் ஆன் ஹிம்' என்பது நாமாகக் கட்டிக்கொண்ட வாக்கியம். உச்சரிப்பும் கவனிக்க வேண்டியது: சஸ்பெக்ட் வினையாக வரும்போது அழுத்தம் 'பெக்ட்'மேல் விழும், சந்தேகத்துக்குரிய ஆளைக் குறிக்கும்போது 'சஸ்'மேல் விழும். டவுட்டில் இருக்கும் 'பி' எழுத்துக்கு ஒலியே இல்லை. பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல் வந்த சொல்லில், லத்தீன் மூலத்தைக் காட்டப் பண்டிதர்கள் பின்னால் செருகிய எழுத்து அது.

'சார், ஒரு டவுட்' என்று நம் வகுப்பறைகளில் கேட்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். இந்திய ஆங்கிலத்தில் அது வேரூன்றிவிட்டது, எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் வெளிநாட்டுப் பேராசிரியரிடமோ வாடிக்கையாளரிடமோ 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் கொட்டேஷன்' என்றால், 'நீங்கள் கொடுத்த விலை சரிதானா என்று நம்பிக்கையில்லை' என்று காதில் விழும். விளக்கம் கேட்பதுதான் நோக்கம் என்றால் 'ஐ ஹேவ் எ கொஸ்சன்' என்று கேளுங்கள்.

இப்போது அவருக்குச் சமாதானக் கடிதம் எழுதப் போவீர்கள். அதில் 'நோ டவுட் த கூட்ஸ் வில் ரீச் பை ஃப்ரைடே' என்று எழுதிவிடாதீர்கள். 'நோ டவுட்' நாம் நினைக்கிற 'சந்தேகமே இல்லை' அளவுக்கு உறுதியான சொல் அல்ல. பெரும்பாலும் 'அநேகமாக' என்ற பொருளில்தான் வரும். 'தேர் இஸ் நோ டவுட் தட்' என்று முழுதாக எழுதினால்தான் அந்த உறுதி கிடைக்கும். தேதி உங்கள் கையில் உறுதியாக இருந்தால் அதுகூட வேண்டாம்: 'த கூட்ஸ் வில் ரீச் யூ பை ஃப்ரைடே.'