பழைய கண்ணாடி எந்த மணல்ல உருகுச்சு? ஐசோடோப் கேள்வி பதில்

கடலோரம்: அக்கா, ஸ்ட்ரான்சியம்ங்கிற தனிமத்த வச்சு கண்ணாடி உருகுன ஊர எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

பதில்: கால்சியம் இருக்குற எடத்துல ஸ்ட்ரான்சியமும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். கடற்கரை மணல்ல சுண்ணாம்பு சிப்பி ஓட்டுலருந்து வருது, அதனால ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் (ஒரே தனிமத்துல எடை மட்டும் வேறான வகைங்க, இதான் ஐசோடோப்) உள்ள விகிதம் கடல் தண்ணியோட 0.7092 கிட்ட நிக்கும். பழைய சுண்ணாம்புக்கல்லு கலந்த மணல்னா கீழ எறங்கும், ஸ்ட்ரான்சியம் அளவும் கம்மியாயிடும். உலையில உருக்குனாலும் இந்த விகிதம் மாறாது. ஆனா இது நேட்ரான்ங்கிற இயற்கை சோடா உப்பு போட்ட கண்ணாடிக்கு மட்டும்தான். செடிச்சாம்பல் போட்டதுல ஸ்ட்ரான்சியம் பெரும்பாலும் சாம்பல்லருந்து வரும், அப்ப அது செடி வளந்த மண்ணத்தான் சொல்லும்.

பாசிமணி ரசிகன்: போட்டோ அனுப்பியிருக்கேன், எந்த நாட்டு மணின்னு சொல்லுங்களேன்.

பதில்: போட்டோவுல ஐசோடோப் தெரியாதுங்க.

நதிமூலம்: ரோமானிய எழுத்தாளர் பிளினி தன்னோட 36ஆம் புத்தகத்துல இத்தாலியில வோல்டுர்னஸ் ஆத்து முகத்துவார மணல்லயும் கண்ணாடி செஞ்சாங்கன்னு எழுதியிருக்காரு, ஸ்பெயினையும் சொல்றாரு. நீங்க ரோமானியக் கண்ணாடி உருகுனது எகிப்து, பாலஸ்தீனக் கரையிலன்னே சொல்றீங்க?

பதில்: அருமையான கேள்வி, இதுக்கு நியோடைமியம்ங்கிற இன்னொரு தனிமத்தோட ஐசோடோப் வேணும். எத்தியோப்பிய மேட்டுநிலத்து எரிமலைப் பாறைத் தூள நைல் அள்ளிட்டு வந்து கடல்ல கொட்டுது, நீரோட்டம் அத கிழக்கால தள்ளி பாலஸ்தீனக் கரையில இருக்குற அக்கோ வரைக்கும் கொண்டு போகுது, அதனால அந்தக் கரை மணல்ல எப்சிலான் மதிப்பு (நியோடைமியம் ஐசோடோப் விகிதத்த சொல்ற எண்) பொதுவா -6க்கு மேல இருக்கும். மேற்கு மத்தியதரைக்கடல் பக்கம் பாறை பழசு, -8, -10ன்னு எறங்கிடும். 2008ல ஆய்வாளர்கள் டெக்ரிசும் ஷ்னைடரும் ரோமானியக் கண்ணாடி சிலதுல இந்த மேற்கத்திய மதிப்ப காட்டி பிளினி பக்கம் நின்னாங்க. அப்புறம் மேற்குக் கரையில எடம் எடமா மணல அள்ளி சோதிச்சப்போ பெரும்பாலானது நல்ல கண்ணாடிக்கு லாயக்கில்ல, சில எடம்தான் தேறுச்சு.

நதிமூலம்: சில எடம் போதுமே! பிளினி பொய்யா சொல்வாரு?

பதில்: பொய்னு நான் சொல்லவே இல்ல. செஞ்சிருக்கலாம், ஆனா எவ்வளவு செஞ்சாங்கங்கிறதுதான் கேள்வி. இஸ்ரேல்ல ஹதேரா பக்கம் பெத் எலியேசர்ல 17 உலை வரிசையா கிடைச்சுச்சு, ஒரு உலையில ஒரே தடவைக்கு டன் கணக்குல கண்ணாடி. அது பிளினிக்கு ரொம்பப் பின்னாடி காலம்தான், ஆனாலும் இந்த அளவு மணல உருக்குற மூல உலை மேற்குல எங்கங்க?

கடலோரம்: அப்போ எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் நைல் மணல்தானே, எப்படி பிரிக்கிறது?

பதில்: நியோடைமியத்தால முடியாது, நான் திரும்பத் திரும்ப சொல்றதே இதான், ஒரு ஐசோடோப்ப மட்டும் நம்பாதீங்க. ஹாஃப்னியம்னு இன்னொரு தனிமம் இருக்கு, அது மணல்ல இருக்குற ஸிர்கான்ங்கிற கனிமத் துகள்ல ஒளிஞ்சிருக்கும். மணல் கரையோரமா போகப்போக கனமான ஸிர்கான் பின்தங்கிடும், அதனால ரெண்டு கரைக்கும் மதிப்பு வேற. 301ல ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் விலை ஆணையில அலெக்ஸாண்ட்ரியக் கண்ணாடி, யூதேயக் கண்ணாடின்னு தனித்தனி விலை இருக்கே, அந்த நிறமில்லாத அலெக்ஸாண்ட்ரியன் நெஜமாவே எகிப்துலதான் உருகுச்சுன்னு ஜோர்டான் ஜெராஷ்ல கிடைச்ச துண்டுகள வச்சு 2020ல காட்டினாங்க. படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

மதுரை வாசகி: அரிக்கமேடு பாசிக்கு?

பதில்: அங்க அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூக்கலான வகை நெறைய, மத்தியதரைக்கடல் கணக்கு பொருந்தாது. முதல்ல லேசர் வச்சு தனிமங்கள அளக்கணும், கண்ணுக்கே தெரியாத ஓட்டைதான் விழும். அப்புறம்தான் ஐசோடோப், அதுக்கு துண்டு வெட்டணும், அதனால முழு மணிய உடைக்காதீங்க, ஒடஞ்சத குடுங்க.

புதியவன்: ஐசோடோப் வச்சு வயசு தெரியுமா?

பதில்: இந்த ஐசோடோப் எதுவும் வயசு சொல்லாது. எடத்துக்குத்தான்.

ரோமன் பிரியன்: கிண்ணம் லண்டன்ல கிடைச்சா லண்டன்ல செஞ்சதுதானே?

பதில்: இல்லங்க! கட்டியா உருக்குற எடம் வேற, அத வாங்கி ஊதுற பட்டறை வேற. ஐசோடோப் முதல் எடத்த மட்டும் காட்டும். அதுலயும் உடைசல் கண்ணாடிய போட்டு மறுபடி உருக்கியிருந்தா ரெண்டு ஊர் மதிப்பும் கலந்து நடுவுல ஒரு பொய் எண் வரும்.

நதிமூலம்: அப்போ 2008 துண்டுகளும் அப்படி கலந்ததா?

பதில்: எகிப்தையும் பாலஸ்தீனத்தையும் எப்படி கலந்தாலும் -10 வராதுங்க, ரெண்டுமே -6க்கு மேல. அங்க உங்க கட்சிக்கு பலம் இருக்கு, ஒத்துக்கிறேன்.

பாசிமணி ரசிகன்: வேற போட்டோ அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம். பக்கத்துல இருக்குற தொல்லியல் துறைகிட்ட மணிய நேர்ல காட்டுங்க.